நரம்போரம் ஒரு மெல்லிய குழாய்

ஆனி, ஆடியில் சாரல் தொடங்கிவிட்டால் குற்றாலத்தில் பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் எங்கும் கூட்டம்தான். நனைந்த பாறையில் பாசி படர்ந்திருக்கும். அதில் ஓர் ஆச்சி வழுக்கி விழுந்து, தொடையெலும்பு இடுப்போடு சேரும் இடத்தில் முறிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தென்காசிக்கோ திருநெல்வேலிக்கோ கொண்டுபோய் ஆபரேஷன் செய்வார்கள். அப்போது வலி தெரியாது. மயக்கம் தெளிந்த பிறகுதான் ஆச்சிக்குச் சோதனை.

வலிக்கு ஊசி போடலாமே? போடுவார்கள். ஆனால் மார்ஃபின் போன்ற மருந்து உடம்பு முழுக்கப் பரவும். கண் சொக்கும், குமட்டும். வலிக்கிற காலை மட்டும் மரக்கச் செய்யவும் வழி உண்டு. வலிச் செய்தி நரம்பு வழியாகத்தான் மூளைக்குப் போகிறது. நரம்பின் சுவரில் சோடியம் அயனிகள் புகுகிற நுண்ணிய வாசல்கள் இருக்கின்றன. அவை திறந்தால்தான் செய்தி நகரும். பல் பிடுங்கும்போது ஈறில் போடுகிறார்களே, அந்த வகை மருந்து இந்த வாசல்களை அடைத்துவிடும். ஆனால் ஒருமுறை போட்டால் சில மணி நேரம்தான் தாங்கும். அதனால் ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாத குழாய் ஒன்றை, அல்ட்ராசவுண்ட் திரையில் பார்த்தபடியே நரம்போரம் வைக்கிறார்கள். ஒரு சிறிய பம்ப் இரண்டு மூன்று நாளுக்கு மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பும்.

குழாயை வைப்பதைவிட, அதை நகராமல் காப்பதுதான் பெரும்பாடு. ஏன் தெரியுமா? உங்கள் தொடையில் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். பக்கத்தில் விரலை வைத்துத் தோலை மேலும் கீழும் தள்ளுங்கள். புள்ளி எவ்வளவு தூரம் போய் வருகிறது! அடியில் இருக்கும் தசையும் நரம்பும் அந்த அளவுக்குக் கூடவே போவதில்லை. குழாய் ஒட்டியிருப்பது தோலில். அதன் நுனி இருப்பதோ ஆழத்தில். ஆச்சி எழுந்து உட்கார்ந்தாலே தொடை மடிப்பில் தோல் சுருங்கிக் குழாயை இழுக்கும். நுனி சற்று விலகினாலும் மருந்து நரம்பை எட்டாமல் போகலாம், வலி திரும்பிவிடும். போதாததற்கு வியர்வை வேறு. துளை வழியே மருந்தும் கசிந்தால் பிளாஸ்டர் கிளம்பியே விடும்.

1946-ல் ஆன்ஸ்ப்ரோ என்ற மருத்துவர், கைக்குப் போகும் நரம்புகளின் அருகே ஊசியையே விட்டுவைத்தார். அது ஆடாமலிருக்க என்ன செய்தார் தெரியுமா? ஒரு தக்கையில் செருகி வைத்தார்!

இன்று துளையின் வாயில் ஓரிரு சொட்டுத் தோல் பசை வைக்கிறார்கள். அது இறுகிக் குழாயையும் பிடித்துக்கொள்ளும், கசிவையும் அடைக்கும். வீட்டில் உடைந்த பொம்மையை ஒட்டுகிற பசையும் இதே சயனோஅக்ரிலேட் குடும்பம்தான். ஆனால் அதைத் தோலில் தடவவே கூடாது. இது மருத்துவத்துக்கென்றே தயாரித்தது. பிறகு குழாயை ஒரு வளையமாகச் சுற்றி ஒட்டுவார்கள். யாராவது தெரியாமல் இழுத்துவிட்டால் அந்த வளையம்தான் முதலில் இறுகும், உள்ளே நுனி தப்பிக்கும். எனக்கு மிகவும் பிடித்த யோசனை இதுதான். மேலே ஒட்டும் தாள் உள்ளே தெரிகிற மாதிரி இருக்கும். தோல் சிவந்திருக்கிறதா, ஈரம் கசிகிறதா என்று பிரிக்காமலே நர்ஸ் பார்த்துவிடலாம்.

ஆச்சியைப் பார்க்கப் போனால் அந்தக் குழாயில் கை படாமல் உட்காருங்கள். மரத்த காலில் பலம் இருக்காது. அவரைத் தனியாக எழுந்து நிற்கவும் விடாதீர்கள். வலி தணிந்ததும் குழாயை மெதுவாக உருவி எடுப்பார்கள். எடுத்த கையோடு, நுனி அறுபடாமல் முழுசாக வந்திருக்கிறதா என்று உற்றுப் பார்த்து எழுதி வைப்பார்கள்.