மதுரைக்கு ஒரு ராணி இருக்காங்க... அதிகாரம் மட்டும்தான் இல்லை!

"மதுரையில இப்போ யார் ஆட்சி?" சித்திரை பிறந்த பிறகு கேட்டால், ஊர்க்காரர்கள் யோசிக்காமல் சொல்வார்கள்: மீனாட்சி ஆட்சி. சித்திரை முதல் நான்கு மாதம் அம்மன். ஆவணி முதல் எட்டு மாதம் சுந்தரேஸ்வரர். கலெக்டர், மேயர் எல்லாம் தனிக் கணக்கு.

சித்திரைத் திருவிழாவின் 8-ம் நாள் பட்டாபிஷேகம். ராயர் கிரீடம், வேப்பம்பூ மாலை, கையில் ரத்தினச் செங்கோல். அம்மனின் பிரதிநிதியாக அந்தச் செங்கோலை வாங்குபவர் கோயில் தக்கார் அல்லது அறங்காவலர் குழுத் தலைவர். வாங்கியவர் சுவாமி சன்னதி இரண்டாம் பிராகாரத்தை வலம் வந்து, மறுபடியும் அம்மனிடமே ஒப்படைத்துவிட வேண்டும். வீட்டுக்கெல்லாம் எடுத்துட்டுப் போக முடியாது!

அரசியல் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட முடியாட்சியின் சூட்சுமமும் இதுதான். பிரிட்டனில் எல்லாம் மன்னர் பெயரில் நடக்கும். முடிவெடுப்பது பிரதமரும் அமைச்சரவையும். 1947-ல் அமலான ஜப்பான் அரசியலமைப்பு, முதல் பிரிவிலேயே பேரரசரை மக்கள் ஒற்றுமையின் சின்னம் என்கிறது. ஆட்சி செய்யும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. ஓட்டு கேட்டு வராதவர் என்பதால், எந்தக் கட்சிக்காரரும் 'நம்மவர்' என்று சொல்லிக்கொள்ளலாம்.

மாசியில் நடந்த மீனாட்சி கல்யாணத்தைச் சித்திரைக்கு மாற்றி, அழகர் விழாவோடு இணைத்தவர் திருமலை நாயக்கர் (1623-1659) என்கிறார்கள். சைவம், வைணவம், நகரம், சுற்றுவட்டார கிராமங்கள் எல்லாம் ஒரே வைகைக் கரையில் கூடின. நிஜ அதிகாரம் வைத்திருந்த ராஜாவுக்கே, அதிகாரமில்லாத ராணி தேவைப்பட்டிருக்கிறார்.

ஆனால் சின்னம் தானாகக் கதவைத் திறக்காது. 'எல்லாருக்கும் ராணி' என்ற ஊரிலேயே, பட்டியலின மக்களும் நாடார்களும் அந்த ராணியைப் பார்க்கக் கோயிலுக்குள் போக முடியாத காலம் இருந்தது. 1939 ஜூலை 8-ல் வைத்தியநாத ஐயர் அவர்களை உள்ளே அழைத்துச் சென்றார். பின்னாளில் உள்துறை அமைச்சரான கக்கன் அந்தக் குழுவில் இருந்தவர். அதற்குச் சட்டப் பாதுகாப்பு கொடுத்தது ராஜாஜி அரசு. அதாவது, நிஜ அதிகாரம்.

2024-லும் ஒரு வழக்கு. அறங்காவலர் குழுத் தலைவர் கணவரை இழந்தவர், அவரிடம் செங்கோலைக் கொடுக்கக் கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் மனு போட்டார்கள். மனு தள்ளுபடி ஆனது. அந்த வருஷமும் செங்கோல் அவர் கைக்குத்தான் போனது.