மீண்டும் சைக்கிள் ஏறும் வணிகருக்கு... கைக்கு அடக்கமான விலையில் 'ஹைபிரிட்' வண்டி



அதிகாலையில் கடை திறந்து இரவு பத்து மணிக்குப் பூட்டும் மளிகைக்காரர், நாள் முழுவதும் உழைக்கிறார். ஆனால் அந்த உழைப்பில் பெரும்பகுதி கல்லாவில் உட்கார்ந்தபடியே நடக்கிறது. கொள்முதலுக்குப் போனாலும் மொபெட், வங்கிக்குப் போனாலும் மொபெட். கைக்கும் வாய்க்கும் வேலை உண்டு, காலுக்கு இல்லை.

இதன் விலை என்ன என்பதை நம் மாநிலக் கணக்கே சொல்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நாடு முழுவதும் நடத்திய நீரிழிவு ஆய்வின் முடிவு 2023 ஜூன் மாதம் வெளிவந்தது. நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று அது கூறியது. மாநில வாரியாகப் பார்த்தால் முதலிடம் கோவாவுக்கு, 26.4 சதவீதம். மயிரிழையில் அடுத்து நிற்பது நம் புதுச்சேரி, 26.3 சதவீதம். அதாவது பெரியவர்கள் நால்வரில் ஒருவர். நம் சங்கக் கூட்டத்தில் ஒரு வரிசை நாற்காலியை எண்ணிப் பார்த்தால் கணக்குப் புரியும்.

வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. நாளுக்கு அரை மணி, வாரம் ஐந்து நாள். கடையை விட்டு நடைப்பயிற்சிக்குத் தனியே போக நேரமில்லை என்பவர், ஏற்கெனவே போக வேண்டிய வேலைக்கே சைக்கிளில் போகலாம். தட்டாஞ்சாவடியிலிருந்து பெரிய மார்க்கெட் நாலைந்து கிலோமீட்டர்தான். ஒழுங்குமுறை விற்பனைக்கூடமும் தொழிற்பேட்டையும் நம் வாசலிலேயே இருக்கின்றன. மார்க்கெட்டுக்கு ஒருமுறை நிதானமாகப் போய் வந்தால் அன்றைய அரை மணி நேரம் வரவில் சேர்ந்துவிடும்.

இருபது, முப்பது ஆண்டுகளுக்குப் பின் சைக்கிள் கடைக்குள் நுழைபவருக்கு அங்கே நிற்கும் வண்டிகள் புதிதாகத் தெரியும். அவற்றில் நமக்குப் பொருந்துவது எது என்பதைப் பார்ப்போம்.

ஹைபிரிட் என்றால் என்ன?

நாம் அறிந்த கறுப்பு வண்டி உறுதியானது; ஆனால் இருபது கிலோவுக்கு மேல் எடை. அகன்ற டயர் போட்ட மலைச் சைக்கிள் தார் ரோட்டில் இழுக்கும். குனிந்து ஓட்டும் பந்தய வண்டி ஐம்பது வயது முதுகுக்கு ஆகாது. பந்தய வண்டியின் பெரிய சக்கரத்தையும் மலைச் சைக்கிளின் நேரான ஹேண்டில்பாரையும் சேர்த்துச் செய்த கலப்பினமே ஹைபிரிட். நிமிர்ந்து உட்காரலாம், எடை பெரும்பாலும் 13 முதல் 16 கிலோ, டயர் நடுத்தர அகலம். 1949-இல் அம்பத்தூரில் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், 1956-இல் லூதியானாவில் தொடங்கிய ஹீரோ போன்ற நமக்குப் பழக்கமான நிறுவனங்களே இன்று இவ்வகை வண்டிகளையும் விற்கின்றன.

கியர் எத்தனை வேண்டும்?

விற்பவர் 21 கியரைக் காட்டுவார். நம் ஊர் பெரும்பாலும் சமதளம். கோரிமேடு, இலாசுப்பேட்டை பக்கம் மட்டுமே மூச்சு வாங்கும் ஏற்றம் உண்டு; மாலையில் கடல் காற்று எதிர்த்து அடிக்கும். இதற்குப் பின்சக்கரத்தில் ஏழு கியர் தாராளம். முன்பக்கம் மூன்று பல்சக்கரம் இருந்தால் கூடுதல் எடை, கூடுதல் கேபிள், கூடுதல் பழுது. மார்க்கெட்டுக்கும் வங்கிக்கும் மட்டும் போகிறவருக்குக் கியர் இல்லாத ஹைபிரிட்டே போதும். விலையும் குறைவு, பராமரிப்பும் குறைவு.

முன்ஃபோர்க்கில் ஸ்பிரிங் வைத்த வண்டி பார்வைக்கு எடுப்பாக இருக்கும். குறைந்த விலை வண்டியில் அந்த ஸ்பிரிங் எடையைக் கூட்டுமே தவிரச் சுகத்தைப் பெரிதாகக் கூட்டாது. அந்தப் பணம் நல்ல டயருக்கும் சீட்டுக்கும் போகட்டும்.

டிஸ்க் பிரேக் மழையில் நன்றாகப் பிடிக்கும். ஆனால் சாதாரண ரிம் பிரேக்கும் நம் ஊருக்குப் போதுமானதே. அதன் கட்டை மலிவு. எந்த மெக்கானிக்கும் மாற்றித் தருவார்.

கடற்கரை ஊர் என்பதை மறக்க வேண்டாம். உப்புக் காற்று இரும்பைத் தின்னும். அலுமினியச் சட்டம் துருவுக்கு அஞ்சாது, எடையும் குறைவு; விலை சற்றுக் கூடும். இரும்புச் சட்டம் வாங்கினால் பெயின்ட் உரிந்த இடத்தை உடனே மூடவும். எந்த வண்டியானாலும் செயினுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எண்ணெய், மழையில் நனைந்தால் மறுநாளே எண்ணெய் என்று வழக்கப்படுத்திக்கொள்ளவும்.

டயரில் ஏமாற வேண்டாம்

ஹைபிரிட் டயரில் 700 என்ற எண் இருக்கும். பார்த்தால் பழைய 28 அங்குல டயர் போலவே தோன்றும். ஆனால் இதன் ரிம்மில் டயர் உட்காரும் இடம் 622 மில்லிமீட்டர். பழைய கறுப்பு வண்டிக்கு 635. ஒன்று மற்றொன்றுக்குச் சேராது. ஆகவே மாற்று டயர், டியூப் நம் ஊர்க் கடையில் கிடைக்குமா என்று வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். அகலம் 35 முதல் 40 வரை இருந்தால் நம் தெருக் குழிகளைத் தாங்கும். வால்வு, மோட்டார் சைக்கிளில் உள்ளது போன்ற தடித்த வகையாக இருப்பது நல்லது. எந்தப் பஞ்சர் கடையிலும் காற்று அடிக்கலாம். எவ்வளவு காற்று என்பது டயரின் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருக்கும்.

அளவு பார்ப்பது எப்படி?

செருப்பு வாங்கும்போது அளவு பார்க்கிறோம். சைக்கிளுக்கும் அளவு உண்டு. சட்டத்தின் மேல்குழாய்க்கு இருபுறமும் கால் ஊன்றி நின்றால், குழாய்க்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். சீட்டில் உட்கார்ந்து, கீழே உள்ள பெடலில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். சீட் தாழ்ந்திருந்தால் முழங்கால் வலிக்கும். பலர் ஒரே மாதத்தில் சைக்கிளை மூலையில் சாத்துவதற்கு இந்த வலியும் ஒரு காரணம். வேட்டி, சேலை கட்டுபவர்கள் தாழ்ந்த குழாய் உள்ள சட்டத்தைக் கேட்டு வாங்கலாம். ஆண்களுக்கும் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கடை வாசலில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

விலையும் பில்லும்

முதலில் மொத்தத் தொகையை முடிவு செய்யுங்கள். அதில் ஐந்தில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வைத்துவிட்டு மீதிக்கு வண்டி பாருங்கள். 15,000 ரூபாய் என்றால் வண்டிக்கு 12,000; மீதி 3,000 பூட்டு, முன்பின் விளக்கு, மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு, ஹெல்மெட்டுக்கு. ஹைபிரிட் வண்டிகள் பலவற்றில் மட்கார்டும் கேரியரும் தனிக்காசு என்பதைக் கவனிக்கவும்.

சைக்கிளுக்கு 12 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி., 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அடிப்படை விலை 10,000 என்றால் 1,200 கட்டிய இடத்தில் 500. அந்த 700 ரூபாய் உங்கள் பில்லில் தெரிகிறதா என்று பாருங்கள். கடைப் பயன்பாட்டுக்கு வாங்குவதானால் கடைப் பெயரில் பில் கேளுங்கள். உள்ளீட்டு வரி வரவு எடுக்க முடியுமா என்று உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளவும். இணக்க வரித் திட்டத்தில் உள்ளவர்களுக்கு அந்த வரவு இல்லை.

பழைய வண்டியும் மோசமில்லை. 2020 ஊரடங்கின்போது ஆசையாக வாங்கி, அதிகம் ஓட்டாமல் நிறுத்திய வண்டிகள் விலைக்கு வருவதுண்டு. சட்டத்தின் பற்றவைப்பில் விரிசல், ரிம்மில் கோட்டம், பல்சக்கரத் தேய்மானம் இம்மூன்றையும் மெக்கானிக்கை வைத்துப் பார்த்து வாங்கவும். நிறுத்தி வைத்த வண்டிக்கு டயரும் டியூபும் மாற்ற வேண்டியிருக்கும். அதையும் விலையில் கழித்துப் பேசவும்.

பெட்ரோல் மிச்சத்தையும் பார்ப்போம். நாளுக்கு 8 கிலோமீட்டர், ஆண்டுக்கு 300 நாள்: 2,400 கிலோமீட்டர். லிட்டருக்கு 50 ஓடும் மொபெட்டுக்கு 48 லிட்டர். லிட்டர் தோராயமாக 100 ரூபாய் என்றால் 4,800 ரூபாய். 15,000 ரூபாய் முதல் திரும்ப மூன்று ஆண்டுக்கு மேல் ஆகும். ஆகவே இது பெட்ரோல் லாபத்துக்கான முதலீடு மட்டுமல்ல. மருந்துச் செலவுக்கு எதிரான முதலீடு என்று பேரேட்டில் எழுதுங்கள்.

சுமை ஏற்றலாமா?

பையில் பத்துப் பதினைந்து கிலோ சில்லறைச் சரக்கு கொண்டுபோகலாம். அரிசிச் சிப்பம் ஏற்றக் கூடாது. கேரியரிலேயே தாங்கும் எடை குறித்திருக்கும். ஐம்பது கிலோ மூட்டைக்குக் கறுப்பு வண்டியும் மூன்று சக்கர வண்டியும்தான் சரி. ஹைபிரிட்டில் ஏற்றினால் பின்சக்கரக் கம்பிகள் ஒவ்வொன்றாக அறுந்து, மிச்சம் பிடித்த காசு மெக்கானிக்குக்குப் போகும்.

முதல் மாதம்

நாற்பது வயதைக் கடந்தவர்கள், சர்க்கரையோ இரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்கவும். சர்க்கரைக்கு மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் ஓட்ட வேண்டாம். சட்டைப்பையில் நாலு கல்கண்டு இருக்கட்டும். நம் கடையில் அதற்கா பஞ்சம்! மிதிக்கும்போது நெஞ்சு வலியோ தலைசுற்றலோ வந்தால் உடனே இறங்கி மருத்துவ உதவி பெறவும்.

முதல் வாரம் பத்து நிமிடம், அடுத்த வாரம் பதினைந்து என்று கூட்டுங்கள். காலை ஏழு மணிக்குள் ரோடு காலி, வெயிலும் இல்லை. இந்திரா காந்தி சிலை, ராஜீவ் காந்தி சிலை சந்திப்புகளில் தயங்காமல் இறங்கித் தள்ளிக் கடக்கவும். முதல் மாதம் முடிந்ததும் வண்டியைக் கடைக்குக் கொண்டுபோய் பிரேக் கேபிள், கியர் கேபிள், சக்கரக் கம்பிகளை இறுக்கிக்கொள்ளவும். புது வண்டியில் இவை தளர்வது இயல்பு.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும். சரக்கு இருப்பை வாரந்தோறும் சரிபார்க்கிறோம். பற்று வரவைத் தினமும் எழுதுகிறோம். கல்லாவில் இருப்பவரின் உடம்பு எவ்வளவு இருப்பில் இருக்கிறது என்பதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்வது நம் குடும்பத்துக்கும், நம்மை நம்பிச் சிட்டையில் பற்று வைத்திருக்கும் வாடிக்கையாளருக்கும் நல்லது.