வெயிலில் நின்றுபோகும் கார்: ஓட்டுபவரின் குறிப்பே முதல் மருந்து

ஏப்ரல் மாத முற்பகுதியிலும், ஆகஸ்ட் இறுதி தொடக்கம் செப்டெம்பர் முதல் வாரம் வரையிலும் சூரியன் இலங்கைக்கு நேர்மேலாக வருகிறது. வவுனியா, மன்னார், அநுராதபுரம் போன்ற உலர்வலயப் பகுதிகளில் வாகனம் ஓட்டும் பெண்கள் அடிக்கடி சொல்லும் முறைப்பாடு ஒன்று உண்டு. "காலையில் நன்றாக ஓடுகிறது. மத்தியானம் நின்றுவிடுகிறது. அரை மணித்தியாலம் விட்டால் தானாகவே ஸ்டார்ட் ஆகிறது. கராஜுக்குக் கொண்டுபோனால் ஒரு பழுதும் இல்லை என்கிறார்கள்."

இது கற்பனைப் பழுது அல்ல. ஓட்டத் தெரியாததால் வருவதும் அல்ல. காரின் மின் உறுப்பு ஒன்று சூடானதும் செயலிழந்து, ஆறியதும் மீண்டும் வேலை செய்கிறது. கராஜுக்குப் போய்ச் சேரும்போது வாகனம் ஆறிவிடுகிறது, பழுதும் ஒளிந்துகொள்கிறது. பிறகு ஊகத்தின் பேரில் ஒவ்வொரு உதிரிப்பாகமாக மாற்றுகிறார்கள். காசு போகிறது, பழுது போவதில்லை. பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வாகனம் பிரதான வீதியின் நடுவில் நின்றால் அது உயிர் ஆபத்தாகவும் முடியலாம்.

சூட்டில் மட்டும் ஏன்?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் செய்யப்பட்டு 2018இல் வெளியான ஆய்வு ஒன்றில், கடும் கோடையில் ஒரு மணித்தியாலம் வெயிலில் நிறுத்திய கார்களின் உள்வெப்பம் சராசரியாக 47 பாகை செல்சியஸை எட்டியது. டாஷ்போர்ட்டின் மேற்பரப்பு 69 பாகையைத் தொட்டது. (வெயிலில் நிற்கும் காரில் பிள்ளைகளைச் சிறிது நேரமும் விட்டுச் செல்லக்கூடாது என்பதற்கும் இந்த எண்களே சாட்சி.)

பொனற்றின் கீழே நிலைமை இதைவிடக் கடுமையானது. கார் ஓடும்போது காற்றும் ரேடியேட்டர் நீரும் சூட்டைக் கொண்டுபோகின்றன. எஞ்சினை நிறுத்தியதும் இரண்டும் நின்றுவிடும். ஆகவே நிறுத்திய பின்னர் சிறிது நேரத்துக்கு அங்குள்ள உறுப்புகள் முன்னரைவிடக் கூடுதலாகச் சூடாகின்றன. சந்தைக்குப் போய்க் கால் மணித்தியாலத்தில் திரும்பினால் ஸ்டார்ட் ஆகாத கார், ஒரு மணித்தியாலம் கழித்து ஸ்டார்ட் ஆவதன் இரகசியம் இதுதான்.

உலோகம் சூட்டில் விரிவடையும். ஈயப்பற்று வைத்த இடத்தில் மயிரிழை வெடிப்பு இருந்தால், சூட்டில் அது திறந்து மின்னோட்டத்தைத் துண்டிக்கும், ஆறியதும் மூடிக்கொள்ளும். செப்புக் கம்பிச் சுருளின் மின்தடையும் சூட்டோடு கூடும். 80 பாகை உயர்ந்தால் தடை ஏறத்தாழ 30 சதவீதம் அதிகரிக்கும். பழுதடைந்து வரும் சுருள் இதைத் தாங்காது.

அடிக்கடி குற்றவாளியாகும் உறுப்புகள்

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். திறப்பைத் திருப்பும்போது எஞ்சின் சுழல்கிறதா? "டிக்" என்ற சத்தம் மட்டும் கேட்டால் பற்றரி, அதன் முனைகள், உடலோடு இணைக்கும் ஏர்த் வயர், ஸ்டார்ட்டர் மோட்டார் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். எஞ்சின் சுழன்றும் பற்றிக்கொள்ளாவிட்டால், பெற்றோல் அல்லது தீப்பொறி கிடைக்கவில்லை என்று பொருள். அப்போது கீழுள்ளவற்றைச் சந்தேகிக்கலாம்.

பெற்றோல் பம்புக்கு மின் கொடுக்கும் ரிலே: 1990களின் ஹொண்டா சிவிக், அக்கோர்ட் கார்களில் இது பேர்போன பழுது. டாஷ்போர்ட்டின் கீழுள்ள ரிலேயின் ஈயப்பற்று வெடித்து, வெயிலில் நின்ற கார் ஸ்டார்ட் ஆகாது. கண்ணாடிகளை இறக்கி ஆறவிட்டால் ஸ்டார்ட் ஆகும். திறப்பை முதலில் "ஒன்" நிலைக்குத் திருப்பிக் காது கொடுங்கள். பின்புறத்தில் இரண்டு செக்கன் வரை பம்பின் மெல்லிய இரைச்சல் கேட்க வேண்டும். அது கேட்காவிட்டால் ரிலேயிலும் பம்பிலும் சந்தேகம் கொள்ளலாம். ஈயப்பற்றைப் புதுப்பித்தாலே பல ரிலேகள் சரியாகிவிடும்.

கிராங்க் சென்சர்: எஞ்சின் சுழல்வதைக் கணினிக்கு அறிவிப்பது இது. சூட்டில் இது செயலிழந்தால் ஓடிக்கொண்டிருக்கும் கார் திடீரென நின்றுவிடும். பல கார்களில், மீண்டும் ஸ்டார்ட் செய்ய முயலும்போது ஆர்.பி.எம். முள் சற்றும் அசையாமல் பூச்சியத்தில் நிற்பது இதற்கொரு அடையாளம்.

பற்றவைப்புச் சுருள்: சூடானதும் எஞ்சின் குலுங்கும், இழுவை குறையும்.

பெற்றோல் பம்ப்: தாங்கியிலுள்ள பெற்றோலே அதைக் குளிர்விக்கிறது. ஆகவே வெயில் காலத்தில் தாங்கியைக் கால்வாசிக்குக் கீழே இறங்க விடாதீர்கள்.

ஹைபிரிட் கார் வைத்திருப்போருக்கு

பிரியஸ், அக்குவா போன்ற கார்களின் பெரிய பற்றரியைக் குளிர்விப்பது காருக்குள் இருக்கும் காற்றுத்தான். அக்காற்றை இழுக்கும் துவாரம் பின் ஆசனத்தின் பக்கமாகவோ கீழாகவோ இருக்கும். பாடசாலைப் பையும் சீலைத் துணியும் அதை மறைத்தால், அல்லது தூசி அடைத்தால், பற்றரி சூடேறி எச்சரிக்கை விளக்கு எரியும். துவாரத்தைத் துப்புரவாக வைத்திருப்பது செலவில்லாத வைத்தியம்.

சூட்டின் பிரச்சினை உற்பத்தியாளரையும் விட்டுவைக்கவில்லை. 2014 பெப்ரவரியில் டொயோட்டா உலகெங்கும் சுமார் 19 இலட்சம் பிரியஸ் கார்களைத் திருத்தத்துக்காகத் திருப்பி அழைத்தது. மென்பொருள் குறைபாட்டினால் சில மின்னணு உறுப்புகள் அளவுக்கு மீறிச் சூடேறி, கார் ஓட்டத்தில் நின்றுவிடக்கூடும் என்பதே காரணம்.

ஒரு சிறு கொப்பி போதும்

இந்தப் பழுதை நேரில் காண்பவர் ஓட்டுபவர் மட்டுமே. மெக்கானிக் அதைப் பார்ப்பதில்லை. ஆகவே காருக்குள் ஒரு கொப்பியும் பேனையும் வைத்து, ஒவ்வொரு முறையும் இவற்றை எழுதுங்கள்:

1. திகதி, நேரம், வெயிலா நிழலா.
2. எவ்வளவு நேரம் ஓடியது? நிறுத்தி எவ்வளவு நேரமாயிற்று?
3. ஏசி போட்டிருந்ததா? பெற்றோல் எவ்வளவு இருந்தது?
4. எந்த விளக்கு எரிந்தது? வெப்ப முள் எங்கே நின்றது?
5. எஞ்சின் சுழன்றதா? பம்பின் சத்தம் கேட்டதா? ஆர்.பி.எம். முள் அசைந்ததா?
6. எத்தனை நிமிடத்தில் திரும்ப ஸ்டார்ட் ஆனது?

நான்கைந்து தடவை எழுதினால் ஓர் ஒழுங்கு புலப்படும். அந்த ஒழுங்குதான் பழுதின் முகவரி.

கராஜில் கேட்க வேண்டியவை

பழுது தெரியும் நிலையிலேயே பார்க்கும்படி கேளுங்கள். காரை மத்தியானம் கொண்டுபோங்கள். முடிந்தால் கராஜிலேயே விட்டுவிடுங்கள். சந்தேகமான ரிலேயையோ சென்சரையோ தலைமயிர் உலர்த்தும் கருவியால் மெல்லச் சூடாக்கிப் பழுதை வரவழைப்பதும், பழுது வந்ததும் அந்த ஓர் உறுப்பை மட்டும் குளிர்வித்துப் பார்ப்பதும் அனுபவமுள்ள மெக்கானிக்குகள் கையாளும் முறை.

கணினிப் பரிசோதனைக்கு முன்னர் பற்றரி வயரைக் கழற்ற வேண்டாம் என்று சொல்லுங்கள். கழற்றினால் பல கார்களில் பழுதுப் பதிவு அழிந்துவிடும். பழுது பதிவான வேளையில் எஞ்சின் எவ்வளவு சூடாக இருந்தது என்பதும் அப்பதிவிலேயே இருக்கும். மாற்றிய பழைய பாகத்தையும் எழுத்திலான பற்றுச்சீட்டையும் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் உரிமை.

வீதியில் நின்றுவிட்டால்

பதறாதீர்கள். எச்சரிக்கை விளக்குகளைப் போட்டு, காரை வீதி ஓரமாக விடுங்கள். ஸ்டியரிங் இறுகும், பிரேக்கும் கடினமாகும். பிரேக்கை விட்டுவிட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தமாக மிதியுங்கள். கார் முற்றாக நிற்கும்வரை திறப்பை வெளியே எடுக்க வேண்டாம்; ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். பிள்ளைகளை வீதி ஓரப் பக்கத்துக் கதவால் இறக்கி நிழலில் இருத்துங்கள். வெப்ப முள் சிவப்பில் நின்றால் அது வேறு பழுது. ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் பாயும்.

சகோதரிகளே, வாகனத்தைத் திருத்துவது மெக்கானிக்கின் வேலை. எப்போது, எப்படி நின்றது என்று சொல்வது எமது வேலை. "எனக்கு இதெல்லாம் தெரியாது" என்று ஒதுங்காமல் கண்டதை எழுதி, எழுதியதைத் தயக்கமின்றி எடுத்துச் சொல்லுங்கள். வீண்செலவும் வீண்பழியும் உங்களைவிட்டு விலகும்.