மாசம் 600 ரூபாய்: வேலையில்லாதோர் உதவித்தொகை யாருக்குக் கிடைக்கும்?

"டிகிரி முடிச்சதும் எம்ப்ளாய்மென்ட்ல பதிஞ்சேன். இன்னும் ஒரு கார்டுகூட வரலை." பலரும் சொல்லும் புலம்பல் இது. காரணம், அரசுப் பணிகளில் பெரும்பாலானவை இப்போது டி.என்.பி.எஸ்.சி. போன்ற தேர்வுகள் மூலமே நிரப்பப்படுகின்றன.

அப்போ, பதிவு வீணா?

இல்லை. பதிந்து 5 ஆண்டுகள் ஆகியும் வேலை கிடைக்காதவர்களுக்குத் தமிழக அரசு 3 ஆண்டுகள் வரை உதவித்தொகை தருகிறது. மாதம்தோறும் பத்தாம் வகுப்பு தேர்ச்சிக்கு 300 ரூபாய், பிளஸ் டூவுக்கு 400, பட்டதாரிகளுக்கு 600.

யாருக்குக் கிடைக்காது?

குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. வயது வரம்பு 40, எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 45. பொறியியல் போன்ற தொழிற்படிப்பு முடித்தவர்களுக்குக் கிடையாது. மாற்றுத்திறனாளிகளுக்குப் பதிந்து ஓராண்டு ஆனாலே போதும், தொகையும் கூடுதல்.

600 ரூபாய் என்றால் நாளுக்கு 20 ரூபாய். இன்டர்வியூவுக்குப் போய்வர பஸ் காசுக்கே பத்தாதுதான். ஆனாலும் வருமானமே இல்லாத வீட்டில் அது ஒரு செலவைத் தாங்கும்.

எதில் கோட்டை விடுகிறார்கள்?

பதிவை 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கணும். மறந்தால் சீனியாரிட்டி போச்சு. உதவித்தொகைக்கான தகுதியும் கைநழுவும். அடையாள அட்டையை இன்னைக்கே எடுத்து, புதுப்பிக்கும் தேதியைப் பாருங்க. அதை மொபைலில் ரிமைண்டராகவும் போட்டு வச்சிடுங்க.