புட்டிகளுக்கான நெளி அட்டைப் பெட்டி வடிவமைப்பு: திருநின்றவூர் வட்டார மழைக்காலச் சூழலை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

புட்டிகளைக் கிடங்கிலும் போக்குவரத்திலும் காக்கும் நெளி அட்டைப் பெட்டி, இரண்டாம் நிலைச் சிப்பங்களுள் மிகப் பரவலானது. வணிக நடைமுறையில் அதன் தரம் தாளின் எடையாலும் வெடிப்பு வலிமையாலும் மதிப்பிடப்படுகிறது. ஆனால் அடுக்கின் அடியிலுள்ள பெட்டி நசுங்காமல் நிற்பதைத் தீர்மானிப்பவை அட்டையின் விளிம்பு நசுங்கு வலிமை, காற்றின் ஈரப்பதம், அடுக்கும் முறை, உள்ளிருக்கும் புட்டியின் இயல்பு ஆகிய நான்குமே ஆகும். திருநின்றவூரை உள்ளடக்கிய சென்னையின் மேற்குப் புறநகர்ச் சூழலைக் களமாகக் கொண்டு, இந்நான்கும் பெட்டியின் வடிவமைப்பில் எவ்வாறு இடம்பெற வேண்டும் என்பதை இக்கட்டுரை கணக்கீட்டின்வழி விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: இரண்டாம் நிலைச் சிப்பம், நெளி அட்டை, விளிம்பு நசுங்கு வலிமை, தடுப்பட்டை, ஈரப்பதம், அடுக்கு முறை.

முன்னுரை

ஒரு பொருளை நேரடியாகத் தொட்டுக்கொண்டிருப்பது முதல்நிலைச் சிப்பம். அவற்றுள் பலவற்றை ஒன்றுசேர்த்துக் கையாளவும் ஏற்றவும் அடுக்கவும் உதவுவது இரண்டாம் நிலைச் சிப்பம். குடிநீர், மருந்து, பழச்சாறு, எண்ணெய் முதலியவற்றைப் பொறுத்தவரை புட்டி முதல்நிலைச் சிப்பமாகவும் அட்டைப் பெட்டி இரண்டாம் நிலைச் சிப்பமாகவும் அமைகின்றன.

பூசலார் நாயனாரின் ஊராக இலக்கிய உலகம் அறிந்த திருநின்றவூர், இன்று சென்னை – அரக்கோணம் இருப்புப்பாதையிலும் சென்னை – திருவள்ளூர் சாலையிலும் அமைந்த புறநகர்ப் பகுதியாகும். கிழக்கே அம்பத்தூர், தெற்கே திருமழிசை, மேற்கே காக்களூர் எனத் தொழிற்பேட்டைகள் சூழ்ந்த வட்டாரம் இது. புட்டியில் அடைத்த குடிநீரை உற்பத்தி செய்யும் சிறு நிறுவனங்களும் இம்மாவட்டத்தில் மிகுதி. இவற்றின் சரக்கு கோடையில் ஒரு தன்மையான காற்றிலும், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வேறொரு தன்மையான காற்றிலும் அடுக்கி வைக்கப்படுகிறது. பெட்டி மட்டும் ஆண்டு முழுவதும் ஒரே அளவுக் குறிப்பின்படி வாங்கப்படுகிறது. மார்ச்சில் நின்ற அடுக்கு நவம்பரில் சாய்வதற்கான காரணத்தை இவ்விடைவெளியில் தேடுவது பொருத்தமாகும்.

புட்டிக்காகப் பிறந்த அட்டை

நெளிவூட்டிய தாளுக்கான முதல் காப்புரிமை 1856ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஹீலி, ஆலன் ஆகிய இருவருக்கு வழங்கப்பட்டது. உயரமான தொப்பிகளின் உட்பட்டையாக அமைவதே அதன் அன்றைய பயன். 1871ஆம் ஆண்டில் நியூயார்க்கைச் சேர்ந்த ஆல்பர்ட் ஜோன்ஸ், ஒருபுறம் மட்டும் நெளிவு கொண்ட தாளைப் புட்டிகளையும் கண்ணாடி விளக்குக் கூண்டுகளையும் சுற்றிக் காக்கப் பயன்படுத்தினார். 1874ஆம் ஆண்டில் ஆலிவர் லாங் அந்நெளிவின்மேல் சமதளத் தாளை ஒட்டி, நெளிவு விரிந்துவிடாமல் செய்தார். சிப்பப் பொருள் என்னும் நிலையில் நெளி அட்டை கண்ணாடிப் புட்டிக்காகவே உருவானது என்பது இவ்வரலாற்றால் பெறப்படும்.

தமிழகத்தில் புட்டியின் பயணம் நெடுங்காலம் மரச்சட்டத்தில் நிகழ்ந்தது. ஹைரம் காட் 1872இல் காப்புரிமை பெற்ற குண்டுப் புட்டியே இங்குக் கோலி சோடாவாயிற்று. அது அறைகள் தடுத்த மரப்பெட்டிகளில் கடைக்கு வந்து, காலியாகி, அதே பெட்டியில் திரும்பிச் சென்றது. திரும்பி வரும் புட்டிக்குப் பலமுறை பயன்படும் சட்டம் ஏற்றது. அவ்வகையில் மரத்தின் இடத்தைப் பின்னர் நெகிழிக் கூடை பெற்றது. ஒருமுறை மட்டும் பயணம் செய்யும் புட்டிக்கு எடை குறைந்த, விலை மலிந்த, மறுசுழற்சிக்கு உரிய அட்டைப் பெட்டி பொருந்துகிறது.

நெளி அட்டையின் அமைப்பு

இரண்டு சமதளத் தாள்களுக்கு நடுவே ஒரு நெளித்தாள் அமைந்தால் அது மூன்றடுக்கு அட்டை. தொழிலில் ‘3 பிளை’ என்பர். மூன்று சமதளத் தாள்களும் இரண்டு நெளித்தாள்களும் சேர்ந்தது ஐந்தடுக்கு அட்டை. நெளிவின் உயரத்தைப் பொறுத்து ஏ, பி, சி, இ என வகைகள் உள்ளன. ஏ வகை ஏறத்தாழ 4.8 மி.மீ., சி வகை 4 மி.மீ., பி வகை 3 மி.மீ., இ வகை 1.6 மி.மீ. தடிமன் தரும். உயர்ந்த நெளிவு அடுக்குச் சுமையை நன்கு தாங்கும். தாழ்ந்த நெளிவு தட்டையான அழுத்தத்தை எதிர்ப்பதோடு அச்சிடவும் ஏற்றது.

நெளிவுகள் பெட்டியின் சுவரில் செங்குத்தாக நிற்கவேண்டும். நிற்கும் நெளிவு ஒவ்வொன்றும் ஒரு சிறு தூணாகும். அட்டையை மிச்சப்படுத்தும் நோக்கில் நெளிவைக் கிடையாகத் திருப்பி வெட்டினால், பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும் பெட்டி தன் தாங்குதிறனில் பெரும்பகுதியை இழக்கும்.

இந்தியச் சந்தையில் பெட்டிக்கான ஆணை பெரும்பாலும் ‘ஜிஎஸ்எம்’, ‘பிஎஃப்’ என்னும் இரண்டு அளவுகளால் தரப்படுகிறது. முன்னது ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை. பின்னது அவ்வெடைக்கு ஏற்ப அளவிடப்படும் வெடிப்பு வலிமை. 150 ஜிஎஸ்எம், 18 பிஎஃப் எனில் அத்தாள் சதுர சென்டிமீட்டருக்கு 2.7 கிலோ அழுத்தத்தில் கிழியும் என்பது பொருள். பெட்டி கிழிபடாமல் இருப்பதற்கு இவ்வளவு உதவும். மேலுள்ள சுமையால் நசுங்காமல் இருப்பதைப் பற்றி இது நேரடியாக எதுவும் கூறாது. அதனைக் கூறுவது விளிம்பு நசுங்கு வலிமையாகும். 1991ஆம் ஆண்டில் அமெரிக்கச் சரக்குப் போக்குவரத்து விதிகள் வெடிப்பு வலிமைக்கு மாற்றாக விளிம்பு நசுங்கு வலிமையை ஏற்றுக்கொண்டமை இங்குக் கருதத்தக்கது.

சுமையைத் தாங்குவது புட்டியா, பெட்டியா?

புட்டிப் பெட்டியின் வடிவமைப்பில் முதலில் விடை காணவேண்டிய வினா இதுவே. கண்ணாடி, நசுக்கும் விசையை மிக நன்றாகத் தாங்கும். ஆதலால் கண்ணாடிப் புட்டிப் பெட்டியின் அடுக்குச் சுமையைப் புட்டிகளே ஏற்கின்றன. புட்டியின் தலைக்கும் பெட்டியின் மூடிக்கும் இடையே வெற்றிடம் இல்லாதவாறு உட்புற உயரம் அமைந்தால் போதும். அங்குப் பெட்டியின் தலையாய பணி, கண்ணாடியைக் கண்ணாடி தொடாமல் பிரித்து வைத்தல். ஓட்டத்தில் புட்டிகள் உரசும்போது மேற்பரப்பில் நுண்கீறல்கள் விழும். கீறல் விழுந்த கண்ணாடி பின்னர் எளிய மோதலுக்கே உடையும். எனவே தடுப்பட்டையின் உயரம் புட்டியின் தோள் பகுதியைக் கடந்து நிற்கவேண்டும். கீழ்ப்பகுதியை மட்டும் பிரிக்கும் குட்டைத் தடுப்பட்டை, மோதல் நிகழும் இடங்களுள் ஒன்றைத் திறந்தே விட்டுவிடுகிறது.

வளியூட்டிய பானம் நிரம்பிய பெட் புட்டி, உள்ளழுத்தத்தால் விறைப்புற்றுச் சுமையில் ஒரு பகுதியைத் தாங்கும். சாதாரணக் குடிநீர் நிரம்பிய மெல்லிய பெட் புட்டிக்கு அவ்விறைப்பு இல்லை. வெப்பம் மிகுந்த கிடங்கில் அது மேலும் நெகிழும். எடை குறைத்த புட்டிகள் வழக்கிற்கு வரவர, முன்னர்ப் புட்டி சுமந்த பாரம் பெட்டியின்மேல் இறங்குகிறது. இவ்வட்டாரக் குடிநீர்ச் சரக்கு பெரும்பாலும் இவ்வகையைச் சேர்ந்ததாதலால், அடுத்த கணக்கீடு இதனைப் பற்றியதாக அமைகிறது.

ஒரு கணக்கீடு

ஒரு லிட்டர்ப் புட்டிகள் 12 கொண்ட பெட்டியை எடுத்துக்கொள்ளலாம். புட்டியின் விட்டம் 80 மி.மீ., உயரம் 280 மி.மீ. எனக் கொண்டால், நான்குக்கு மூன்று வரிசையில் பெட்டியின் நீளம் 320 மி.மீ., அகலம் 240 மி.மீ., சுற்றளவு 1.12 மீட்டர். நிரம்பிய பெட்டியின் எடை ஏறத்தாழ 12.7 கிலோ. எட்டுப் பெட்டி உயரம் அடுக்கினால் அடிப்பெட்டியின்மேல் ஏழு பெட்டிகளின் சுமை, அதாவது ஏறக்குறைய 89 கிலோ அமரும்.

பெட்டியின் நசுங்கு வலிமையைக் கணக்கிட 1963இல் மெக்கீ குழுவினர் தந்த சுருக்க வாய்பாடு இன்றும் வழக்கில் உள்ளது: விளிம்பு நசுங்கு வலிமையை, அட்டைத் தடிமன் – சுற்றளவு ஆகியவற்றின் பெருக்கற்பலனுக்குரிய வர்க்கமூலத்தால் பெருக்கி, அதனை 5.87ஆல் பெருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, மூன்றடுக்கு அட்டைக்கு 4 மி.மீ. தடிமனும் மீட்டருக்கு 4 கிலோ நியூட்டன் விளிம்பு வலிமையும் கொண்டால் பெட்டி 160 கிலோ தாங்கும். ஐந்தடுக்கு அட்டைக்கு 7 மி.மீ. தடிமனும் 7 கிலோ நியூட்டன் வலிமையும் கொண்டால் 371 கிலோ தாங்கும். 89 கிலோ சுமைக்கு இரண்டுமே போதுமானவையாகத் தோன்றும். ஆனால் இவை 23 பாகை செல்சியஸ் வெப்பமும் 50 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள சோதனைக்கூடத்தில் சில நிமிடங்களில் பெறப்படும் அளவுகள்.

ஈரப்பதமும் காலமும் அடுக்கு முறையும்

தாள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் ஏற ஏற இழைகளுக்கிடையேயான பிணைப்பு தளரும். ஒட்டுவதற்குப் பயன்படும் மாவுப்பசையும் இளகும். அமெரிக்க நெளி அட்டைத் தொழில்துறைக் கையேடுகள், 50 விழுக்காட்டு ஈரப்பதத்தில் பெட்டியின் வலிமையை 1 எனக் கொண்டால், 80 விழுக்காட்டில் அது 0.68 ஆகவும் 90 விழுக்காட்டில் 0.48 ஆகவும் குறையும் என்கின்றன. தொடர்ந்து 30 நாள் சுமையின் கீழ் நிற்கும் பெட்டிக்கு மேலும் 0.60 என்னும் பெருக்கு எண்ணைக் கொள்ளவேண்டும். சென்னைப் பகுதியில் வடகிழக்குப் பருவமழைக் காலத்தின் காலை வேளைகளில் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டுவது இயல்பானதாகும்.

இவ்வெண்களைப் பொருத்திப் பார்த்தால் நிலைமை மாறுகிறது. 80 விழுக்காட்டு ஈரப்பதத்தில் 30 நாள் நின்ற மூன்றடுக்குப் பெட்டியின் தாங்குதிறன் 65 கிலோ. 90 விழுக்காட்டில் 46 கிலோ. இரண்டுமே 89 கிலோவுக்குக் குறைவு. ஐந்தடுக்குப் பெட்டிக்கு இவை முறையே 151, 107 கிலோ ஆகின்றன.

அடுக்கு முறை மற்றொரு காரணி. பெட்டியின் வலிமையில் பெரும்பங்கு அதன் நான்கு செங்குத்து மூலைகளில் உள்ளது. மூலைமேல் மூலை வருமாறு நேராக அடுக்கினால் சுமை தூணின்வழி இறங்கும். அடுக்கு சாயாது என்னும் எண்ணத்தில் செங்கல் கட்டுபோல் மாற்றி மாற்றி அடுக்கும் வழக்கம் கிடங்குகளில் பரவலாக உள்ளது. இம்முறையில் மேற்பெட்டியின் மூலை, கீழ்ப்பெட்டியின் வலுவற்ற நடுச்சுவரில் அமர்வதால் வலிமையில் 40 முதல் 60 விழுக்காடு வரை இழப்பு நேரும். பாதி இழப்பு எனக் கொண்டால், 80 விழுக்காட்டு ஈரப்பதத்திலேயே ஐந்தடுக்குப் பெட்டியும் ஏறத்தாழ 75 கிலோவுக்கு இறங்கிவிடுகிறது. கூடுதல் விலை கொடுத்து வாங்கிய இரண்டு தாள்களின் பயன், அடுக்குபவரின் கையில் கரைந்துபோகிறது.

இக்கணக்கின்படி மூன்றடுக்குப் பெட்டிகள் அனைத்தும் மழைக்காலத்தில் நசுங்க வேண்டும். நடைமுறையில் அவ்வாறு நிகழாமைக்குக் காரணம், தளர்ந்த பெட்டியின் சுமையில் ஒரு பகுதியைப் புட்டிகள் ஏற்பதே. ஆனால் அச்சுமை எல்லாப் புட்டிகளின்மேலும் சீராக இறங்குவதில்லை. ஒரு புறத்துப் புட்டிகள் முதலில் வளைகின்றன. அடுக்கு அப்பக்கம் சாய்கிறது. ஆள் உயரத்தைத் தாண்டிய அடுக்கு சரியும்போது சேதம் சரக்கோடு நிற்பதில்லை. அருகில் பணிபுரியும் சுமைப்பணியாளரின் உடலுக்கும் அது தீங்காகிறது.

வெள்ளம் இதன் உச்சநிலை. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலிலும் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை நீரால் சூழப்பட்டது. முற்றிலும் நனைந்த பெட்டிக்கு ஆறில் ஒரு பங்கு வலிமையும் எஞ்சுவதில்லை. தரையில் நேரடியாக அடுக்கிய சரக்கில் நனைவது அடிப்பெட்டி மட்டுமே எனினும், முழு அடுக்கையும் தாங்குவது அதுவேயாதலால் அனைத்தும் வீழ்கின்றன.

வடிவமைப்புக்கான முடிவுகள்

முதலாவதாக, வாங்கும் ஆணையில் தாளின் எடையோடு விளிம்பு நசுங்கு வலிமையும் முழுப் பெட்டியின் நசுங்கு வலிமையும் குறிக்கப்பட வேண்டும். நெளி அட்டைப் பெட்டிகளுக்கான ஐஎஸ் 2771, நிரப்பிய சிப்பங்களின் செயல்திறன் சோதனைகளுக்கான ஐஎஸ் 7028 ஆகிய இந்தியத் தர நிர்ணயங்கள் இதற்குத் துணைபுரியும். 1966இல் மும்பையில் தொடங்கப்பட்ட இந்தியச் சிப்பமிடல் நிறுவனத்தின் சென்னைக் கிளை, சிறு நிறுவனங்கள் சோதனைக்காக அணுகத்தக்க இடமாகும்.

இரண்டாவதாக, அடுக்கு உயரம் பருவத்திற்கேற்ப மாறவேண்டும். மேற்கண்ட மூன்றடுக்குப் பெட்டி மழைக்காலத்தில் தன்மேல் மூன்று பெட்டிகளையே உறுதியாகத் தாங்கும். எட்டு உயரம் இன்றியமையாதது எனில் ஐந்தடுக்கு அட்டையும் நேர் அடுக்கும் ஒருங்கே தேவை. நேர் அடுக்கு சாயாமலிருக்க, மேல் வரிசையை மட்டும் மாற்றி அடுக்கலாம். அல்லது பட்டையால் சுற்றிக் கட்டலாம்.

மூன்றாவதாக, தடுப்பட்டையைக் குடிநீர்ப் பெட்டிக்கும் பரிசீலிக்கலாம். நெளிவு செங்குத்தாக நிற்கும் முழு உயரத் தடுப்பட்டை பெட்டிக்குள் கூடுதல் தூண்களாக நின்று சுமையைப் பகிரும்.

நான்காவதாக, வரிசை அமைப்பையும் கணக்கில் கொள்ளவேண்டும். மடிப்புகளோடு சேர்த்துப் பார்த்தால் நான்குக்கு மூன்று அமைப்புக்கு ஏறத்தாழ 0.58 சதுர மீட்டர் அட்டையும், ஆறுக்கு இரண்டு அமைப்புக்கு 0.56 சதுர மீட்டர் அட்டையும் செலவாகும். பின்னதில் அட்டை சிறிது மிஞ்சினாலும், குறுகிய அடித்தளத்தால் அடுக்கு எளிதில் சாயும். அட்டைச் சிக்கனத்தை மட்டும் கருதி முடிவெடுத்தல் ஏற்புடையதன்று.

ஐந்தாவதாக, சரக்கு தரையைத் தொடாமல் மரப்பலகைத் தட்டின்மேல், சுவரிலிருந்து விலகி, காற்றோட்டத்துடன் வைக்கப்படவேண்டும். பெட்டியின் விளிம்பு தட்டைத் தாண்டி வெளியே தொங்குதலும் ஆகாது. தொங்கும் மூலை சுமை தாங்காது.

இவற்றோடு காலிப் புட்டியின் மீள்பயணமும் இனி வடிவமைப்பில் இடம்பெற வேண்டியதாகிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் வழிகாட்டுதலை அடுத்து, 2022இல் நீலகிரி மாவட்டத்தில் மதுப்புட்டிக்கு 10 ரூபாய் கூடுதலாகப் பெற்று, காலிப் புட்டியைத் திருப்பித் தருவோருக்கு அத்தொகையை அளிக்கும் திட்டம் தொடங்கப்பட்டது. பின்னர்ப் பிற மாவட்டங்களுக்கும் விரிந்தது. ஒருவழிப் பயணத்துக்காக வடிவமைக்கப்பட்ட பெட்டியும் தடுப்பட்டையும் இரண்டாம் பயணத்தைத் தாங்குமா என்பது தனித்து ஆராயத்தக்கது.

முடிவுரை

புட்டிப் பெட்டியின் வலிமை அட்டையோடு முடிந்துவிடும் ஒரு பண்பன்று. அது ஆலையில் பிறந்து, காற்றில் குறைந்து, அடுக்குபவரின் கையில் காக்கப்படுவது அல்லது இழக்கப்படுவது. சோதனைக்கூட அளவை மட்டும் நம்பி வாங்கிய பெட்டி, திருநின்றவூர் போன்ற கடலோரப் பருவமழைப் பகுதியில் தன் வலிமையில் பாதிக்கும் மேல் இழக்கும் என்பதைக் கணக்கீடு காட்டுகிறது. தாளின் எடையைக் கூட்டுவதற்கு முன்னரே, மழைக்கால ஈரப்பதத்தைக் கணக்கில் கொண்ட ஆணையும், மூலைமேல் மூலை வைக்கும் அடுக்கும், பருவத்திற்கேற்ற உயரமும் பெரும்பாலான சேதத்தைத் தவிர்க்க வல்லவை. இவற்றுள் பின்னிரண்டுக்கும் செலவு ஏதுமில்லை. கிடங்கில் பணிபுரிவோர்க்கு அவற்றின் காரணத்தை அவர்தம் மொழியில் விளக்கிக் கூறுதலே தேவை.