அடுப்புக்கும் தடைக்காலம்

வடக்கே ஒரு துறைமுகம் – 11

ஏப்ரல் 14, சித்திரை முதல் நாள். ஊரெங்கும் புத்தாண்டு பிறக்கும்போது காசிமேட்டில் ஒரு வருஷத்துக் கணக்கை மூடுகிறார்கள். அன்று நள்ளிரவில் தொடங்கி ஜூன் 14 வரை, 61 நாளுக்கு விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. படகுக்காரர்களும் வலை பின்னுகிறவர்களும் ஏலம் விடுகிறவர்களும் இந்த நாட்களை எப்படிக் கடக்கிறார்கள் என்று சென்ற வாரங்களில் பார்த்தோம். இந்த வாரம், துறைமுகத்தைச் சுற்றிச் சோறு போடுகிறவர்களிடம் வருவோம். தடை ஆணையில் அவர்கள் பெயர் கிடையாது. ஆனால் படகு நின்றதும் அவர்கள் அடுப்பும் நிற்கிறது.

துறைமுக வாசல், எஸ்.என்.செட்டி தெரு, ராயபுரத்தின் உள் சந்துகள் என்று எங்கும் இந்தக் கடைகள் உண்டு. சில, நாலு பெஞ்சு போட்ட மெஸ். சில, தள்ளுவண்டி. பல, வீட்டு வாசலில் ஒரு கல், ஒரு அடுப்பு, பக்கத்தில் மசாலா தடவி அடுக்கிய மீன் தட்டு. பெரும்பாலும் பெண்கள்தான் நடத்துகிறார்கள். விடியலுக்கு முன்பே ஏலம் தொடங்கிவிடுவதால் இட்லிப் பானை அதற்கும் முன்னால் ஏற வேண்டும். ஐஸ் உடைப்பவர், கூடை தூக்குபவர், மீன் வெட்டித் தருகிற பெண்கள், வண்டி ஓட்டுநர்கள், பத்துப் பன்னிரண்டு நாள் தங்கு கடல் முடித்துக் கரை ஏறிய தொழிலாளிகள் என எல்லாருக்கும் பசி ஒரே நேரத்தில் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்க நகரமே வந்து இறங்கும். “அக்கா, வஞ்சிரம் இருக்கா?” என்ற கேள்வி அன்று ஓயாது. வாரத்தின் மற்ற நாட்களுக்கும் சேர்த்து அந்த ஒரு நாள் காலையில் சம்பாதிக்கும் கடைகள் உண்டு.

தடை ஏன் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மீன் இனப்பெருக்கம் செய்யும் காலத்தில் கடலை விட்டுவைக்கத்தான் வேண்டும். தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையில் 2001-ல் தொடங்கிய இந்தத் தடை முதலில் 45 நாளாக இருந்தது. 2017-லிருந்து 61 நாள். அந்தப் பதினாறு நாள் கூடுதல், படகுக்காரருக்கு எவ்வளவு பெரிதோ மீன் குழம்பு விற்கிறவருக்கும் அவ்வளவு பெரிது. அதைப் பற்றி அப்போது அவரிடம் யார் பேசினார்கள்?

ஃபைபர் படகுகளுக்குத் தடை இல்லையே என்று கேட்கலாம். உண்மைதான், அவை போகின்றன, கொஞ்சம் மீனும் வருகிறது. கேரளத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் ஐஸ் போட்ட வண்டிகள் வருகின்றன. ஆனால் விலை? வஞ்சிரம் கிலோ ஆயிரம் ரூபாயைச் சாதாரணமாகத் தாண்டும். கடைக்காரர் துண்டின் விலையை அதே விகிதத்தில் ஏற்ற முடியாது. தினமும் சாப்பிட வருகிற லோடுமேனுக்கு அது கட்டுப்படியாகாது. துண்டைச் சிறிதாக்கினால் ஞாயிற்றுக்கிழமை வாடிக்கை போய்விடும். ஜூன் பிறந்ததும் நெருக்கடி இன்னும் இறுகும். மேற்குக் கடலுக்கு ஒன்றிய அரசு விதிக்கும் தடை ஜூன் 1-ல் தொடங்கி ஜூலை 31 வரை நீள்கிறது. ஆக, ஜூன் முதல் பாதியில் நாட்டின் இரண்டு கரைகளிலும் ஒரே சமயத்தில் தடை.

மீன் கிடைத்தாலும் சாப்பிட ஆள் வேண்டுமே. ஆந்திரம், ஒடிசா, நாகை, கடலூர் பக்கத்திலிருந்து வந்து படகேறியவர்கள் தடை தொடங்கியதும் சொந்த ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். பங்கு வந்ததும் தருகிறேன் என்று பற்று எழுதிச் சாப்பிட்டவர்களும் அவர்களில் உண்டு. அந்த நோட்டுக் கணக்கு ஜூன் வரை நோட்டிலேயே இருக்கும். படகுகளைப் பழுது பார்க்கத் தச்சர்களும் வெல்டர்களும் பெயின்ட் அடிப்பவர்களும் இருப்பதால் டீக்கடைகள் ஓரளவு தாக்குப்பிடிக்கின்றன. சோற்றுக் கடைகளுக்கு அந்தக் கூட்டம் போதாது. பள்ளி விடுமுறையில் வெளியூர்க்காரர்கள் சென்னையைச் சுற்றிப் பார்க்க வருகிற மே மாதத்தில், மீன் சாப்பாட்டுக்குப் பேர் போன இடத்தில் மீன் இருக்காது.

தேதி முன்கூட்டியே தெரியும்தானே, சேர்த்து வைக்கக் கூடாதா? இதை எளிதாகக் கேட்டுவிடலாம். தண்டல் கணக்கைப் பார்த்தால் பதில் கிடைக்கும். வட சென்னையில் சிறு வியாபாரத்தின் முதல் பெரும்பாலும் தண்டல்தான். பத்தாயிரம் கடன் என்றால் ஒன்பதாயிரமோ அதற்கும் குறைவாகவோ கையில் தருவார்கள். தினம் நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். மார்ச் முதல் தேதி ஒருவர் இப்படி வாங்கினால் தவணை ஜூன் 8 வரை ஓடும். நூறு தவணையில் ஐம்பத்தைந்து தடைக்காலத்துக்குள் விழுகிறது. வசூலுக்கு வருகிறவர் கடை திறந்திருக்கிறதா என்று பார்த்து வருவதில்லை. அந்த ஐம்பத்தைந்தைக் கட்ட இன்னொரு தண்டல், அல்லது கம்மலை அடகு வைக்க வேண்டும். கடை திறந்த மாதங்களின் லாபம் அந்த நகையை மீட்பதிலேயே போய்விடுகிறது. சேமிப்பு எங்கிருந்து வரும்?

வங்கிக் கடனும் இந்தப் பருவத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. 2020-ல் தொடங்கிய பி.எம். ஸ்வநிதி திட்டத்தில் தெரு வியாபாரிக்கு முதல் கடன் 10,000 ரூபாய். இப்போது அது 15,000. தண்டலோடு ஒப்பிட்டால் பெரிய உதவி, மறுக்கவே முடியாது. ஆனால் அந்த முதல் கடனைப் பன்னிரண்டு மாதமும் சம தவணையாகக் கட்ட வேண்டும். காசிமேட்டுச் சோற்றுக் கடைக்குப் பன்னிரண்டு மாதம் கிடையாது.

பத்து மாதமாவது முழுசாக உண்டா என்றால் அதுவும் இல்லை. புரட்டாசியில் பாதி ஊர் மீனை விட்டுவிடும். அது முடிவதற்குள் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால் படகு இறங்காது. கார்த்திகை பிறந்தால் மாலை போட்டவர்கள் தை வரை இந்தப் பக்கம் வர மாட்டார்கள். இதே கார்த்திகையில் சில கிலோமீட்டர் தள்ளித் திருவொற்றியூரில் வேறு கதை நடக்கிறது. பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் ஆதிபுரீஸ்வரரின் கவசம் களையப்படுவதால் வடிவுடையம்மன் கோயிலைச் சுற்றித் திருவிழாக் கூட்டம் திரளும், சைவ ஹோட்டல்களுக்கு உட்கார நேரமிருக்காது.

எண்ணூருக்குப் போனால் தேதி சொல்லாமல் வருகிற தடை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கொசஸ்தலை ஆற்றில் எண்ணெய் கலந்து கழிமுகம் முழுக்கப் படர்ந்தது. இறாலும் நண்டும் கையால் தடவிப் பிடிக்கிற ஆறு அது. எண்ணூர் மீன் என்று சொன்னாலே வாங்குகிறவர்கள் பின்வாங்கினார்கள். அரசு மீனவர் குடும்பத்துக்கு 12,500 ரூபாயும், படகுக்கு 10,000 ரூபாயும், பாதிக்கப்பட்ட மற்றக் குடும்பங்களுக்கு 7,500 ரூபாயும் அறிவித்தது. அந்த மீனை வறுத்து விற்றவரை அந்தப் பட்டியலில் தேடினால், வீடு பாதித்த குடும்பம் என்ற அளவில் இருந்திருக்கலாம். தொழில் இழந்தவர் என்ற வரிசையில் அவருக்கு இடமில்லை.

அந்த ஆண்டுக் குளிர்காலத்தில் உலகின் மறுகோடியில் நடந்ததை இங்கே வைத்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து வடக்குத் தீபகற்பம், சுப்பீரியர் ஏரிக்கரையில் இருக்கிறது. ஆளுயரத்துக்கு மேல் பனி கொட்டுகிற ஊர்கள். பனியில் ஓடும் ஸ்னோமொபைல் என்ற மோட்டார் வண்டியை எடுத்துக்கொண்டு தூரத்து நகரங்களிலிருந்து கூட்டம் வரும். அவர்களை நம்பித்தான் அங்கே விடுதிகளும் உணவகங்களும் பெட்ரோல் பங்குகளும் நடக்கின்றன. டிசம்பர் முதல் மார்ச் வரை சம்பாதித்து வருஷத்தை ஓட்டுகிற வியாபாரம். 2023–24 குளிர்காலத்தில் அங்கே பனி சரியாக விழவில்லை. பேர்பெற்ற நாய்வண்டிப் பந்தயம் ரத்தானது, முன்பதிவுகளும் போயின. அப்போது அமெரிக்க அரசின் சிறுதொழில் நிர்வாகம், பனி இல்லாததால் வருமானம் இழந்த கடைகளுக்குப் பேரிடர்க் கடன் கொடுக்க முன்வந்தது. பனி தேடி வந்தவருக்குப் படுக்கை போட்டவரும் சோறு போட்டவரும் அதற்கு விண்ணப்பிக்க முடிந்தது. பருவம் பொய்த்தால் அதைச் சார்ந்து நிற்கும் வியாபாரமும் பாதிக்கப்பட்டதுதான் என்று ஒரு அரசு ஒப்புக்கொண்டிருக்கிறது. கடன்தான், மானியம் இல்லை. ஆனாலும் அந்த ஒப்புதல் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அங்கே பனி எப்போது ஏமாற்றும் என்று யாராலும் சொல்ல முடியாது. இங்கே தேதி அரசே குறிப்பது. தடைக்கால நிவாரணமாக மீனவர் குடும்பத்துக்கு இப்போது 8,000 ரூபாய் தரப்படுகிறது. அது போதாது என்று மீனவர்கள் சொல்வது நியாயம். அதில் பங்கு கேட்டு நான் எழுதவில்லை. தனியாக ஒரு வரிசை வேண்டும் என்கிறேன்.

அதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவைப்படாது. மீனவர் நல வாரியத்துக்காகத் தமிழ்நாட்டில் 2007-ல் கொண்டுவந்த சட்டத்தின் பெயரிலேயே, மீன்பிடித்தலோடு சார்புத் தொழில்களில் இருக்கும் தொழிலாளரும் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். துறைமுகத்தில் விடிவதற்கு முன் இட்லி விற்கிறவர் சார்புத் தொழிலாளி இல்லையென்றால் வேறு யார்? இன்னொரு பக்கம், 2014-ன் தெரு வியாபாரிகள் சட்டப்படி மாநகராட்சி அடையாள அட்டை தருகிறது. மீன்வளத் துறையும் மாநகராட்சியும் உட்கார்ந்து அந்த அட்டையில் துறைமுகப் பகுதியைத் தனியாகக் குறித்தால், யாருக்குத் தருவது என்ற கேள்வி தீர்ந்துவிடும். ஸ்வநிதித் தவணையை ஏப்ரல் நடுவில் நிறுத்தி ஜூலையில் மீண்டும் தொடங்குவது வங்கிக்கு ஒரு சுற்றறிக்கை வேலை.

ஜூலை என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஜூன் 14 நள்ளிரவு தடை முடிகிறது, படகுகள் டீசலும் ஐஸும் அரிசியும் ஏற்றிக்கொண்டு கிளம்புகின்றன. தங்கு கடல் போனவை பாடு கொண்டு திரும்ப மேலும் பல நாளாகும். கடைக்காரருக்கோ சிலிண்டரும் எண்ணெயும் மசாலாவும் அதற்கு முன்பே வேண்டும். அந்த நாட்களில்தான் தண்டல்காரர்கள் புதிய நோட்டுப் போடுகிறார்கள். நிவாரணமோ கடனோ, எது தருவதானாலும் அது ஜூன் இரண்டாம் வாரத்துக்குள் கைக்கு வந்தாக வேண்டும்.

(தொடரும்)