முன்டயருக்குப் பொருந்தும் பின்டயர்

நெடும்பயணம் போகும் மோட்டார் சைக்கிளில் பின்டயர்தான் முதலில் தேயும். எஞ்சினின் இழுவை முழுவதும் அதன் வழியாகத்தான் சாலைக்குப் போகிறது. பின்னால் உட்காருபவர், பெட்டி, மூட்டை என்று சுமையின் பெரும்பங்கும் அதன் மேல்தான். முன்டயர் பாதி தேய்வதற்குள் பின்டயர் மொட்டையாகிவிடுவது சாதாரணம். ஆகவே இரண்டையும் ஒரே நாளில் மாற்றுவது அபூர்வம். பழைய முன்டயரோடு புதிய பின்டயர் சேரும் நாள் ஏறத்தாழ எல்லா வண்டிக்கும் வந்தே தீரும். எதோடு எதைச் சேர்க்கலாம் என்று தெரிந்திருக்க வேண்டியது அப்போதுதான்.

கோவை வட்டாரத்தில் இதற்குக் கூடுதல் கவனம் தேவை. சேலம்–கொச்சி நெடுஞ்சாலை பவானி, பெருந்துறை, அவிநாசி வழியே பெரும்பாலும் நேராகவே வருகிறது. அதில் ஓடிய வண்டியே மறுநாள் ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகளையோ, திம்பம் மலைப்பாதையின் 27 வளைவுகளையோ, கொல்லிமலையின் 70 வளைவுகளையோ ஏறும். நேர்சாலை டயரின் நடுப்பகுதியைத் தின்னும். மலைப்பாதைக்கு வேண்டியது ஓரங்கள். நெடுஞ்சாலையிலேயே ஓடிய பின்டயரின் குறுக்கே உள்ளங்கையால் தடவினால், வளைந்திருக்க வேண்டிய முதுகு தட்டையாகி, இருபுறமும் ஒரு விளிம்பு கைக்குத் தட்டுப்படும். வளைவில் சாயும்போது வண்டி அந்த விளிம்பைத் தாண்டியாக வேண்டும். முதலில் சாய மறுத்து, பிறகு சட்டென்று விழப்போவது போலச் சாயும். ஓரத்தில் பட்டன் மிச்சமிருக்கிறதே என்று அந்த டயரோடு மலை ஏறுவது வீண் சிக்கனம். இரு சக்கர வாகனத்துக்கு மத்திய மோட்டார் வாகன விதிகள் கேட்பது பட்டன்களுக்கு இடையே 0.8 மில்லிமீட்டர் ஆழப் பள்ளம்தான். தென்மேற்குப் பருவமழையில் வால்பாறைச் சாலையில் ஓடும் தண்ணீரை அந்தப் பள்ளம் வெளியேற்றாது.

புது டயரைத் தேர்ந்தெடுக்க முதலில் பார்க்க வேண்டியது பழைய டயரின் பக்கவாட்டில் பொறித்த எழுத்துகளை. 411 சிசி ஹிமாலயன் மோட்டார் சைக்கிளின் முன்டயர் 90/90-21. அகலம் 90 மில்லிமீட்டர், உயரம் அந்த அகலத்தில் 90 சதவீதம், ரிம் விட்டம் 21 அங்குலம். அதை அடுத்து 54S என்று இருந்தால், டயர் தாங்கும் சுமை 212 கிலோ, உச்ச வேகம் மணிக்கு 180 கிலோமீட்டர். புது டயரில் இந்த இரண்டும் பழையதைவிடக் குறையக் கூடாது. ஐஎஸ்ஐ முத்திரையும் இருக்க வேண்டும்.

அளவைக் கூட்டும் ஆசை பலருக்கு உண்டு. அதே ஹிமாலயனின் பின்டயர் 120/90-17; மொத்த விட்டம் சுமார் 648 மில்லிமீட்டர். அதில் 140/80-17 ஏற்றினால் விட்டம் சுமார் 656 ஆகிறது. வித்தியாசம் சிறிதுதான், ஆனால் 20 மில்லிமீட்டர் கூடுதல் அகலத்துக்கு ஸ்விங் ஆர்மிலும் செயின் பக்கமும் இடம் வேண்டும். குறுகிய ரிம்மில் அகல டயர் இருபுறமும் நெருக்கப்பட்டு முதுகு கூம்பிவிடுகிறது. பார்வைக்குப் பருமன் கூடினாலும் சாலையைத் தொடும் பரப்பு அந்த அளவுக்குக் கூடுவதில்லை. கம்பெனி கொடுத்த அளவே பெரும்பாலும் சரியான அளவு.

கலப்பில் உண்மையான ஆபத்து டயரின் உள்கட்டமைப்பில் இருக்கிறது. சாதாரண நைலான் டயரில் இழைகள் ஒன்றன் மேல் ஒன்று குறுக்காக ஓடுகின்றன. பக்கச்சுவர் விறைப்பாக இருக்கும். ரேடியலில் இழைகள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராக ஓட, மேலே ஒரு பட்டை இறுக்கிப் பிடிக்கிறது. பக்கச்சுவர் வளைந்து கொடுக்கும், சூடும் குறைவு. அளவின் நடுவே R இருந்தால் ரேடியல், வெறும் கோடு இருந்தால் நைலான். 390 டியூக் மோட்டார் சைக்கிளில் முன்னே 110/70 R17, பின்னே 150/60 R17, இரண்டும் ரேடியல். பின்டயர் தேய்ந்ததும் விலை குறைவு என்று அங்கே மட்டும் நைலான் டயர் போடத் தோன்றும். செய்யவே கூடாத கலப்பு அதுதான். முன்சக்கரமும் பின்சக்கரமும் சாய்வுக்கு வெவ்வேறு விதமாக இசைவதால் வேகத்தில் வண்டி ஆட்டம் காணும். முன்னே நைலான், பின்னே ரேடியல் என்ற மாற்றுச் சேர்க்கையும் வண்டி தயாரிப்பாளர் அனுமதித்திருந்தால் மட்டுமே சரி.

கட்டமைப்பு ஒன்றாக இருந்தால், கம்பெனி வேறாக இருப்பது அவ்வளவு பெரிய குற்றமல்ல. எம்ஆர்எஃப் முன்டயரோடு மதுரை டிவிஎஸ் ஸ்ரீசக்ராவின் யூரோகிரிப் பின்டயர் ஓடலாம். ஆனாலும் டயர் தயாரிப்பாளர்கள் ஒரே வரிசையின் முன், பின் டயர்களைச் சேர்த்தேதான் சோதிக்கிறார்கள். கூடுமானவரை அந்த ஜோடியையே வாங்குவது நல்லது. பிடிமானத்தில் முன்டயர் பின்டயருக்குக் குறையக் கூடாது. பின்சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் சமாளிக்கலாம். முன்சக்கரம் வழுக்கினால் சமாளிக்க நேரமே கிடைக்காது. பின்னே புது டயரும் முன்னே மொட்டையுமாக மழையில் ஓடும் வண்டிக்கு அந்தக் காரணத்தால்தான் ஆபத்து அதிகம். கரடுமுரடான எஸ்டேட் பாதைக்கென்று பின்னே மட்டும் பெரிய பட்டன் டயர் போட்டாலும் மண்ணில் முன்சக்கரம் தடுமாறும்.

ஸ்போக் சக்கரத்தில் ட்யூப்லெஸ் டயர் போடலாம், உள்ளே ட்யூப் இருந்தால். இல்லையென்றால் சாதாரண ஸ்போக் ரிம்மின் துளைகள் வழியே காற்று போய்விடும்.

தயாரித்த தேதி பக்கவாட்டில் நான்கு இலக்கமாக இருக்கும்: 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஓடாமல் வெயிலில் நின்ற டயரும் இறுகி வெடிப்பு விடும். ஐந்து ஆண்டு தாண்டிய முன்டயரை, பட்டன் இருந்தாலும், பின்டயரோடு சேர்த்தே மாற்றிவிடுவது உத்தமம்.

மாட்டும்போது டயரின் பக்கவாட்டில் உள்ள அம்புக்குறி சக்கரம் சுழலும் திசையைக் காட்ட வேண்டும். வீல் பேலன்ஸிங்கும் செய்ய வேண்டும். காற்றைக் காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது, வண்டியில் ஒட்டியுள்ள அட்டவணைப்படி பிடிக்க வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறும்போது காற்றைக் குறைக்கத் தேவையில்லை. உயரத்தால் அளவி காட்டும் அழுத்தம் சுமார் 3 பிஎஸ்ஐ கூடும். ஊட்டிக் குளிர் ஏறத்தாழ அதே அளவைக் குறைத்துவிடும்.

புது டயரின் மேல்பரப்பு முதல் 100, 150 கிலோமீட்டருக்கு வழவழப்பாகவே இருக்கும். அதுவரை நேர்சாலையில் மிதமாக ஓட்டி, சாய்வைச் சிறிது சிறிதாகக் கூட்டிப் பழக்கிய பிறகே ஆழியாறு சோதனைச் சாவடியைத் தாண்ட வேண்டும்.